விருந்தாளியும் வீட்டுக்காரரும்



காலிக் கோட்டையின் சர்ச் வீதியில், ஒல்லாந்தரின் பெரிய தேவாலயத்திற்கு அருகே ஒரு பழைய ஹோட்டல் நிற்கிறது. 1684ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. ஆங்கிலேயர் காலத்தில், 1860களில், கப்பல் பயணிகளுக்கான ஹோட்டலாக மாறியது. நியூ ஓரியண்டல் என்ற பெயரில் ஒரு பறங்கியர் குடும்பம் தலைமுறைகளாக அதை நடத்தி வந்தது. இன்று அது அமன்கல்ல என்ற பெயருடைய உயர்தர ஹோட்டல். அதன் நீண்ட விறாந்தையில் சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் நாங்கள் உட்கார்ந்து தேநீர் அருந்தினோம். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் உம்மாவின் வீடு இருந்தது. அதை விற்பது பற்றிப் பேசத்தான் நாங்கள் ஊருக்கு வந்திருந்தோம்.

உம்மா மௌத்தாகி ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. வாப்பா முன்னரே மறைந்துவிட்டார்கள். நாங்கள் ஆண்கள் மூவர், சகோதரி ஒருவர். மார்க்கப்படி வீடு ஏழு பங்கு: ஆண்களுக்கு இரண்டிரண்டு, சகோதரிக்கு ஒன்று. இருவர் கொழும்பிலும் சகோதரி தர்கா நகரிலும் வாழ, கடைசித் தம்பி மட்டும் மனைவி மக்களோடு அந்த வீட்டிலேயே இருந்தார். உம்மாவை இறுதிவரை பார்த்துக்கொண்டவரும் அவரே.

ஒரு தரகர் கொழும்பில் எங்களைத் தேடி வந்தார். வீட்டை வாங்கிச் சிறிய ஹோட்டலாக்க ஒருவர் தயாராக இருப்பதாகச் சொன்னார். அவர் கூறிய தொகை எங்கள் கனவிலும் வராத தொகை. மச்சானின் சிறுநீரகச் சிகிச்சைக்குச் சகோதரி கடன்பட்டிருந்தார். எங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கழுத்தை நெரித்தது. மூவரும் தொலைபேசியில் பேசி ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டோம். தம்பியிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

கோட்டை சிறிய ஊர். ஒரு மணி நேரத்தில் மதிலைச் சுற்றி நடந்துவிடலாம். 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நீரில் மூழ்க, ஒல்லாந்தரின் மதில் உள்ளிருந்தோரைப் பெரிதும் காத்தது. ஆனால் வேறொரு அலை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் சிறுவயதில் ஓதப்போன தெருவில், பெயர் சொல்லி அழைத்த வீடுகள் இன்று கோப்பிக் கடைகளாகவும் நகைக் கடைகளாகவும் விடுதிகளாகவும் நிற்கின்றன. சுவர்கள் அழகாகப் பழுதுபார்க்கப்பட்டிருக்கின்றன. ஸலாம் சொல்லத்தான் ஆள் குறைவு.

ஹோட்டல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோது உம்மா அடிக்கடி சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. உம்மாவின் கொள்ளுப்பாட்டனார் இதே விறாந்தையில்தான் கப்பலில் வந்திறங்கிய வெள்ளையர்களுக்கு இரத்தினக்கல்லும் ஆமை ஓட்டுச் சீப்பும் விற்றாராம். உட்கார அனுமதியில்லை, நின்றபடியே வியாபாரம். அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை செல்லும் நீராவிக் கப்பல்கள் காலியில் தங்கி நிலக்கரி ஏற்றின. பின்னர் கொழும்பில் அலைதாங்கி கட்டும் பணி 1875இல் தொடங்கி 1885இல் நிறைவுற்றது. கப்பல்கள் கொழும்புக்குப் போயின. ஹோட்டல் வெறிச்சோடியது. கல் வியாபாரமும் தளர்ந்தது.

ஆனால் எங்கள் முன்னோர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அந்தத் தளர்ந்த காலத்திலேயே, 1892இல், கோட்டைக்குள் பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி தொடங்கியது. 1904இல், கடலைப் பார்த்தபடி, தேவாலயம் போன்ற இரட்டைக் கோபுரங்களோடு மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் எழுந்தது. விருந்தாளிகள் குறைந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். இதை அன்று அந்த விறாந்தையில்தான் முதன்முறையாக நாங்கள் எண்ணிப் பார்த்தோம்.

இரவு தம்பி வீட்டில் சவன் வைத்தார்கள். ஐந்து கறியும் வட்டிலப்பமும் இருந்தன. முன்னறையில் எங்களுக்குப் புது விரிப்பு விரிக்கப்பட்டது. விடியற்காலை எழுந்து பார்த்தபோது தம்பி விறாந்தையில் பாயில் படுத்திருந்தார். தன் வீட்டில், தனக்கும் இரண்டு பங்குள்ள வீட்டில், எங்களுக்காக வெளியே படுத்திருந்தார். தொழுதுவிட்டு வந்து வீட்டு விடயத்தைச் சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நானா, நீங்க மூணு பேரும் வந்தது விருந்தாளியாத்தான். நாளைக்குப் போயிடுவீங்க. ஸுபஹுக்குப் பாங்கு சொன்னா இந்தத் தெருவில தொறக்கிற கதவு இப்ப ரெண்டுதான். அதில ஒண்டு இது. தரகருக்கிட்ட சொன்னத எனக்கிட்ட முதல்ல கேட்டிருக்கலாமே."

கோபம் இல்லாத குரல். அதனால்தான் அதிகம் வலித்தது.

கூட்டுச் சொத்தில் பங்குள்ளவர் தம் பங்காளிக்கு அறிவிக்காமல் விற்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியிருக்கிறது. வீட்டை விற்றவர் அதன் விலையை அதைப் போன்றதொன்றில் இடாவிட்டால் அதில் பரக்கத் இராது என்ற கருத்தில் இப்னு மாஜாவிலும் ஓர் அறிவிப்பு உண்டு. இவற்றையெல்லாம் நாங்கள் அறியாதவர்கள் அல்லர். பங்கைக் கணக்கிட மார்க்கத்தைத் தேடிய நாங்கள், பங்காளியிடம் கேட்க அதே மார்க்கத்தை நினைக்கவில்லை. இதுவே எங்கள் பிழை.

சகோதரியின் கடனோ உண்மையானது. "வீடு மரபு, விற்கக்கூடாது" என்று சொல்லி ஒரு நோயாளியின் வீட்டைத் தவிக்கவிடுவதும் தர்மமன்று. இரண்டு நாட்கள் பேசினோம். இறுதியில் இப்படி முடிவாயிற்று: தரகர் சொன்ன விலையின்படி சகோதரியின் ஏழில் ஒரு பங்கைக் கொழும்பில் உள்ள நாங்கள் இருவரும் வாங்கிக்கொண்டோம். அதற்காக ஒருவர் தம் வாகனத்தை விற்றார். மற்றவர் வீட்டு நகையை விற்றார். மீதி வீடு பிரிக்கப்படாமல் நிற்கும். முன்பக்கத்து இரண்டு அறைகளைத் தம்பி பயணிகளுக்கு வாடகைக்கு விடுவார். அந்த வருமானத்தில் கூரையும் சுவரும் பழுதுபார்க்கப்படும். எவர் பங்கை விற்க நேர்ந்தாலும் முதலில் உடன்பிறந்தவரிடமே கேட்க வேண்டும் என்பதை நொத்தாரிசு முன் எழுதிக் கையெழுத்திட்டோம்.

இது பெரிய தியாகம் என்று சொல்லவரவில்லை. விற்றுச் சென்ற அயலவர்களைக் குறைகூறவும் இல்லை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு தேவை இருந்திருக்கும். பழைய ஹோட்டலும் கைமாறியதால்தான் இடியாமல் நிற்கிறது என்பதும் உண்மையே. ஆனால் ஓர் ஊரில் ஒரு ஹோட்டல் இருப்பது வேறு, ஊரே ஹோட்டலாவது வேறு.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா காலியைச் சிறிய ஊர் என்று எழுதினார். இப்ராஹீம் என்ற முஸ்லிம் மாலுமித் தலைவர் தம் இல்லத்தில் தம்மை உபசரித்ததையும் எழுதி வைத்தார். அன்று இந்த மதிலும் இல்லை, ஹோட்டலும் இல்லை. ஒரு வீடும் அதைத் திறந்துவைத்த ஒருவரும் இருந்தார்கள். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு தொடர்புடைய செயல் என்று படித்திருக்கிறோம். அதைச் செய்ய முதலில் ஊரில் வீட்டுக்காரர் இருக்க வேண்டும்.

இவ்வுலகில் நாம் அனைவரும் வழிப்போக்கர்களே. சற்று நேரம் நம் கையில் தரப்பட்ட கதவை யாருக்குத் திறந்தோம், யாரைக் கேட்காமல் மூடத் துணிந்தோம் என்பது விசாரிக்கப்படும். உங்கள் குடும்பத்திலும் இத்தகையதொரு வீடு இருக்கலாம். விலை பேசுமுன் அதில் விளக்கேற்றிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் உம்மாவின் கப்ரை விசாலமாக்குவாயாக. எங்கள் உடன்பிறப்புகளின் உள்ளங்களைப் பிரிக்காதிருப்பாயாக. ஆமீன்.