கடைசி ஆறு கிழமை

செம்மறியின் சூற்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். முதல் மூன்று மாதங்களில் அது சினைப்பட்டிருப்பதை அயலார் அறிவதே அரிது. குட்டியின் பிறப்பு நிறையில் 70 வீதமளவு இறுதி ஆறு கிழமைகளிலேயே சேர்கின்றது என்பர் கால்நடை நூலார். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் பத்துப் பன்னிரண்டு செம்மறிகளை வைத்துச் சீவிக்கும் ஆச்சி ஒருவர் அந்நூல்களைக் கண்டவரல்லர். ஆயினும், மார்கழி பிறந்துவிட்டால் அவர் தம் உறக்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்.

முன்னர் அவர் வேறு எண்ணம் உடையவராயிருந்தார். நிறைசினை ஆட்டுக்குத் தீனைக் கூட்டினால் குட்டி பருத்துவிடும், ஈனுகையில் தாய் வருந்தும் என்பது அவருடைய தாயார் வழிவந்த நம்பிக்கை. அதனை முற்றாகப் பொய்யென்று தள்ளவும் இயலாது. அளவுமீறிக் கொழுத்த மறியும் இடர்ப்படவே செய்யும். கொழுத்ததும் மெலிந்ததும் ஒரே நோய்க்கு இரையாவதுதான் இதிலுள்ள விந்தை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது ஆச்சியும் அவர்களுள் ஒருவர். மற்றைய ஆடுகளை அவிழ்த்துவிட்டு, ஈனுவதற்கு இரண்டு மூன்று கிழமைகளே இருந்த மறியொன்றை மட்டும் கயிற்றிற் பிடித்து வந்தார். இரண்டு நாள்கள் அதற்குத் தீன் இல்லை. மனிதருக்கே சோறு இல்லாத வேளையில் ஆட்டுக்குக் குழை தேடுவார் யார்? மூன்றாம் நாள் அது படுத்துவிட்டது. நடந்த களைப்பு என்றெண்ணி அவர் அதனைக் கிடக்கவிட்டார். ஐந்தாம் நாள் வயிற்றுக் குட்டிகளோடு இறந்தது.

நடையிலும் பட்டினியே அதனைக் கொன்றிருக்க வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர் மிருக வைத்தியர் ஒருவர் விளக்கினார். வயிற்றுக் குட்டிகள் தாயின் குருதியிலுள்ள சர்க்கரையை இடைவிடாது இழுத்துக்கொள்வன. தீன் குறைந்ததும் தாய் தன் கொழுப்பைக் கரைத்து ஈடுசெய்ய முயலும். கொழுப்பு ஈரலிலே தேங்க, கீற்றோன்கள் குருதியில் மிகும். அப்போது ஆடு கூட்டத்தைவிட்டு ஒதுங்கும், பல்லை நறநறக்கும், கண் திறந்திருந்தும் சுவரில் முட்டும். மூச்சிலே அளிந்த பழத்தின் இனிப்பு மணம் வீசும். இரட்டைக் குட்டி தாங்கிய மறிக்கே இவ்வாபத்து மிகுதி.

“அந்த மணம் எனக்கு அண்டைக்கே வந்தது தம்பி. என்னெண்டு தெரியேல்லை” என்று மட்டுமே ஆச்சி மறுமொழி கூறினாராம்.

இன்று அவருடைய கொட்டிலில் நிறைசினை ஆடுகளுக்குத் தனி மறிப்பு உண்டு. குட்டி வளர வளர இரைப்பைக்கு இடம் குறைவதால், அவை வேண்டிய அளவு குழையை ஒரே வேளையில் உண்ண மாட்டா. ஆகவே கொஞ்சமாய்ப் பலமுறை கொடுக்கிறார். கிளுவையும் பூவரசும் வழமையானவை. அவற்றோடு காலையில் ஒரு சிரட்டை, மாலையில் ஒரு சிரட்டை என்று தவிடும் புண்ணாக்கும் கலந்து வைக்கிறார். இக்கலவையையும் திடீரெனத் தொடங்குவதில்லை. ஒரு பிடியிலிருந்து பல நாள்களில் சிரட்டையாக்குகிறார். மாரியில் நிலம் ஊறுவதால் வைக்கோல் நாள்தோறும் மாற்றப்படும். நாய் துரத்தாதபடி படலை எப்போதும் சாத்தியிருக்கும். மேலைநாட்டு நூல்கள் மடியைச் சுற்றியுள்ள கம்பளியைக் கத்தரிக்கச் சொல்லும். உரோமமே உடைய நம்மூர்ச் செம்மறிக்கு அவ்வேலை இல்லை.

சென்ற மார்கழியில் ஒரு மறி சிரட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆச்சி அதன் வாயருகே முகத்தை வைத்து மணந்து பார்த்தார். அன்று மாலைக்குள் வைத்தியர் அழைக்கப்பட்டார். ஊசியோடு வாய்வழி மருந்தும் கொடுத்தார். இரவெல்லாம் ஆச்சி அரிக்கன் லாம்போடு கொட்டிலிற் குந்தியிருந்து, முருங்கைக் குழையை ஒவ்வோர் இணுக்காக நீட்டினார். இரண்டாம் நாள் விடியலில் அது ஓர் இணுக்கைக் கடித்தது. அதன் பின்னரே அவர் எழுந்து தேநீர் வைக்கப் போனார்.

பன்னிரண்டு நாள்களின் பின் குட்டிகள் இரண்டு பிறந்தன. சிறியது எழுந்து முலையைப் பற்றவில்லை. ஆச்சி கடும்புப் பாலைக் கறந்து, இளஞ்சூடு ஆறுமுன் கரண்டி நுனியால் துளித்துளியாக அதன் வாயில் விட்டார். நாலாவது கரண்டியில் அதன் வால் ஆடியது.