கரைவதற்குள்

கேமரா யார் பிடிப்பது என்பதில்தான் மாணவர் குழுக்களில் முதல் சண்டை வரும். எங்கள் குழுவிலும் வந்தது. 2004, விஸ்காம் மூன்றாம் ஆண்டு, கடைசி செமஸ்டர். குழுவாக ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். டைரக்‌ஷனுக்கும் கேமராவுக்கும் எல்லோரும் கை தூக்கினோம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவன் எடிட்டிங் கேட்டான். சவுண்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஒரு கையும் எழவில்லை. கண்டினியூட்டி என்று ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்குக் கண்டினியூட்டி விழுந்தது. வகுப்பில் வாய் திறந்து யாரும் பார்த்திராத ஒருத்திக்குப் புரொடக்‌ஷன். அந்தப் படத்தை எடுத்தது யார் என்று இன்று கேட்டால், அவள் என்றுதான் சொல்வேன்.

அன்றிலிருந்து யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டைரக்டர், கேமரா, சவுண்டு, புரொடக்‌ஷன். வேலையே பெயராகிவிட்டது. இன்றைக்கும் போனில் அவள் எண் ‘புரொடக்‌ஷன்’ என்றுதான் இருக்கிறது.

கதை டைரக்டருடையது. வடசென்னைக்காரன். காசிமேட்டு மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பார் ஐஸ் ஏற்றிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போகிறார். மீனுக்கு இல்லை. அங்கே ஒரு வீட்டில் சாவு. வாடகைக்கு ஃப்ரீசர் பெட்டி எடுக்க வசதியில்லாத வீடுகளில் அப்போதெல்லாம் உடம்புக்கு அடியில் ஐஸ் பார் வைப்பார்கள். கரைவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கதை. வசனம் மிகக் குறைவு. கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. இதை எடுப்பது எப்படி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐஸ் கம்பெனியை அதற்கு முன் நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. தரைமட்டத்தில் மரப்பலகைகள் பாவியிருக்கும். பலகையைத் தூக்கினால் கீழே பெரிய தொட்டி, நிறைய உப்புத் தண்ணீர். அம்மோனியா ஓடும் குழாய்கள் அந்தத் தண்ணீரைப் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறக்கும்; உப்பு இருப்பதால் அது மட்டும் உறையாது. அதற்குள் வரிசையாக உயரமான தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் நல்ல தண்ணீர். ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டே வரும். தண்ணீரில் இருந்த காற்றெல்லாம் தள்ளப்பட்டு நடுவில் போய் அடைபடும். அதனால்தான் பாரின் ஓரம் கண்ணாடியாகவும் நடுப்பகுதி வெள்ளைத் தண்டாகவும் இருக்கிறது. டப்பாவை மேலே இழுத்து சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பின்னாலிருந்து ஒரு பல்பு வெளிச்சம் பட்டபோது அந்த வெள்ளைத் தண்டுக்குள் ஊசி ஊசியாகக் கோடுகள் தெரிந்தன. கேமராக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “இது போதும்டா, வேற லைட்டே வேணாம்” என்றான்.

அந்த முதல் நாள் புரொடக்‌ஷன் கேட்ட கேள்விகளை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். எங்கே கேமரா வைக்கலாம், எங்கிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தோம். அவள் நேராக மேஸ்திரியிடம் போனாள். “அண்ணே, எந்த நேரத்துல நாங்க வந்தா உங்களுக்கு இடைஞ்சல்?” என்று கேட்டாள். எந்த நேரத்தில் வரலாம் என்று அவள் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, படகு எப்போது கரைக்கு வரும், ஏலம் எப்போது, கடலுக்குப் புறப்படும் படகுக்கு எப்போது ஐஸ் ஏற்றுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

டைரக்டருக்கு வேண்டியது விடியும் நேரம். அந்த நீல வெளிச்சத்தில் வண்டியில் பார் ஏற வேண்டும். அவள் தாளின்படி அதுதான் ஆட்கள் அலறி ஓடும் நேரம்.

“அவங்க வேலைய நிறுத்திட்டு நம்ம படம் எடுக்க முடியாது.”

“வெளிச்சம் அப்பதான்டி இருக்கும்.”

“வெளிச்சம் ரோட்டுலயும் இருக்கும்ல?”

அந்த ஒரு வரியில் படம் மாறியது. ஏற்றுவதை இரவிலேயே, கம்பெனி வாசலின் சோடியம் விளக்கில் எடுப்பது. விடியலைத் தெருவுக்கு விட்டுவிடுவது. பிறகு பார்த்தபோது அதுதான் சரி. மஞ்சள் வெளிச்சத்தில் நெருப்புத் துண்டுபோல் இருந்த ஐஸ், சூரியநாராயணா தெருவைத் தாண்டி கல்மண்டபம் பக்கம் வரும்போது நீலமாகி, கடைசியில் வீட்டு வாசலில் வெறும் வெள்ளையாகிறது. கேமரா சோனி பிடி170. அதில் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் ஷாட் நடுவிலேயே நிறம் மாறிவிடும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் வெள்ளைத்தாளைக் காட்டி நிறுத்திக்கொண்டான் கேமராக்காரன். சோடியம் விளக்குக்கும் விடியலுக்கும் மட்டும் வேண்டுமென்றே காட்டவில்லை. அந்த முடிவு அவனுடையது, நல்ல முடிவு.

ஏப்ரல் 15 எங்கள் தலைக்கு மேல் நின்றது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் அன்று தொடங்கும். அப்போது அது 45 நாள், மே 29 வரை. 2017 முதல் 61 நாளாகிவிட்டது. படகு போகாவிட்டால் ஐஸுக்கு வேலையில்லை. கல்லூரி தேதியைத் தள்ளிப்போட்டாலும் கடல் தள்ளிப்போடாது. இதையும் முதலில் சொன்னது அவள்தான். ஸ்கிரிப்ட் இன்னும் கொஞ்சம் திருந்தட்டும் என்று டைரக்டர் சொன்னபோதெல்லாம் அந்தத் தேதியைக் காட்டினாள்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ஃபிலிமில் படித்து வந்தவர். 16 எம்.எம். ஃபிலிமில் 400 அடி ரோல் ஓடுவது 11 நிமிடம்தான், 35 எம்.எம். என்றால் நாலரை நிமிடத்துக்கும் குறைவு என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவார். ஒத்திகை பார்த்துப் பார்த்து, இனி தப்பு வராது என்று தெரிந்த பிறகுதான் பட்டனை அழுத்துவார்களாம். எங்கள் மினி டிவி டேப் அறுபது நிமிடம் ஓடும், அழித்து மேலே எழுதவும் செய்யலாம். ‘ஊமை விழிகள்’ பற்றி அவர் பேச ஆரம்பித்தால் வகுப்பு நேரம் போவதே தெரியாது. 1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி எடுத்து, தமிழ்நாடே திரும்பிப் பார்த்த படம். ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்த்ராஜ் இயக்கினார். அதைக் கேட்ட இரவு எங்கள் டைரக்டர் தூங்கியிருக்க மாட்டான்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ பற்றியும் அவர்தான் சொன்னார். 1988இல் வந்த படம். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. படத்துக்காக ஒரு வீட்டை நிஜமாகவே கட்டக் கட்ட எடுத்தார்கள். செங்கல் ஏறிய அளவுக்குத்தான் கதையும் ஏற முடியும். பாலு மகேந்திராவுக்கு வளர்கிற பொருள், எங்களுக்குத் தேய்கிற பொருள். சட்டம் ஒன்றுதான்: கதை எந்த வரிசையோ அந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். சினிமாவில் வழக்கமாகச் செய்வதுபோல ஒரு லொகேஷனில் முதலும் கடைசியும் சேர்த்து எடுத்துவிட்டு வர முடியாது.

என் வேலை அங்கேதான் தொடங்கியது. அம்மாவின் தையல் மெஷின் டப்பாவிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கோணியை விலக்கி, மரத்தூளைத் தட்டிவிட்டு, பாரின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுவேன். கோணியின் எந்த முனை தொங்குகிறது, வண்டிப் பலகையில் ஈரம் எதுவரை பரவியிருக்கிறது, வண்டிக்கார அண்ணன் தோளில் துண்டு எந்தப் பக்கம், இவையெல்லாம் பக்கத்துப் பத்தியில். விரல் நுனி மரத்துப்போய் பேனா நழுவும். பார் முதலில் தேய்வது மூலைகளில். கூர்மையான விளிம்பு சீக்கிரம் மழுங்கி, சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். அளவு அப்படியே இருந்தாலும் மூலை காட்டிக்கொடுத்துவிடும் என்று கண்டுகொண்டபின், மூலைகளைத் தனியாகப் படம் வரைந்து வைத்தேன். ரீடேக் என்றால் புதுப் பார் வாங்கி அந்தப் படத்தைப் பார்த்துச் செதுக்கித் தண்ணீர் ஊற்றி மழுக்க வேண்டும். மேஸ்திரி அதைச் செய்து கொடுத்தார். டைரக்டரும் கேமராவும் லைன் கிராஸ் ஆகிறதா இல்லையா என்று தெரு நடுவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: “பாப்பா, ஐஸு நிக்காதும்மா. இவங்க பேசிக்கினே இருந்தா அது பாட்டுக்குக் கரைஞ்சிக்கினே இருக்கும்.”

வண்டிக்காரராக நடித்தவர் நிஜ வண்டிக்காரர். துறைமுகத்தில் லோடு அடிப்பவர். ஆக்‌ஷன் என்று கத்தினால் உடம்பு விறைத்துவிடும். சும்மா “போலாம்ணே” என்றால் இயல்பாக மிதிப்பார். அவருடைய அன்றைய கூலியைப் புரொடக்‌ஷன் முன்னாலேயே கையில் கொடுத்துவிடுவாள், ஷூட்டிங் நடந்தாலும் நடக்காவிட்டாலும். எங்கள் பொதுப் பணத்தில் பெரிய பங்கு அதற்குத்தான் போனது. டிராலிக்கு வைத்திருந்த பணம் அது. டிராலி இல்லாமல் போனது. கேமராக்காரன் இன்னொரு மீன்பாடி வண்டியில் குந்திக்கொண்டு எடுத்தான். குலுங்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் குலுக்கலில் ஐஸ் குலுங்குவதும் சேர்ந்துகொள்ள, பார்க்கிறவர்களுக்கு வயிறு பிசையும்.

அவள் தயாரித்த ஷெட்யூல் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. எல்லோரும் மேலே சீன் நம்பர் எழுதுவார்கள். அவள் எழுதியிருப்பது: ‘7 மணிக்கு அண்ணன் லோடுக்குப் போகணும்.’ அதற்குக் கீழே சாவு வீட்டுக்காக வாசலைக் கொடுத்த குடும்பத்தின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். அதற்குக் கீழே தெருவில் தண்ணி லாரி வரும் நேரம். இவ்வளவும் போக மிச்சமிருக்கும் இடைவெளிகளில்தான் எங்கள் சீன்கள். 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் முகப்பை ஒரு ஷாட்டில் கொண்டுவர டைரக்டர் ஆசைப்பட்டான். ரயில்வே அனுமதி தடைக்காலத்துக்குள் வராது என்று கணக்குப் போட்டு மறுத்துவிட்டாள். வேறொரு அலுவலகத்தில் எங்கள் கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் தினமும் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த உட்கார்தல் படத்தின் எந்த ஃபிரேமிலும் தெரியாது.

சவுண்டும் தெரியாத வேலைதான். அம்மோனியா கம்ப்ரஸர் ஓயாமல் இரையும் இடத்தில் ஒரு ஷாட்டில் ஒரு சுதி, அடுத்ததில் வேறு சுதி. ஒட்டினால் வெட்டு காதில் இடிக்கும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த இடத்தின் வெறும் இரைச்சலைப் பதிவுசெய்வான். டீ கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

எடிட்டிங் அறையில் டேப் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்துதான் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. லேபின் ஹார்ட் டிஸ்க் அதைத் தாங்காது. என் நோட்டைப் பார்த்து எது வேண்டுமோ அதை மட்டும் ஏற்றினோம். ஐஸ் ஒரு ஷாட்டிலும் வளரவில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் “யார் டைரக்டர்?” என்று கேட்டார். அதன்பிறகு அவனிடமும் கேமராக்காரனிடமும் மட்டுமே பேசினார். ஃபிரேமிங்கைப் பாராட்டினார். புரொடக்‌ஷனிடம் ஒரே கேள்வி: “நீங்க என்ன பண்ணீங்க?” அவள், “பெர்மிஷன் வாங்கினேன் சார்” என்றாள். குழுவில் மிகக் குறைந்த மதிப்பெண் அவளுக்கு. அந்த மதிப்பெண்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. குழுவாகச் செய்யச் சொல்லிவிட்டு ஒருவனைத் தேடும் தேர்வு என்ன தேர்வு? இப்போது மாணவர் படங்களைப் பார்த்து மதிப்பிட என்னை எப்போதாவது கூப்பிடுவார்கள். பிள்ளைகள் போனிலேயே 4கே எடுக்கிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. நான் முதலில் ஷெட்யூல் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அதை எழுதிய பிள்ளையை முன்வரிசைக்கு வரச்சொல்வேன்.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. எங்கள் டேப்பில் இருப்பது அதற்கு முந்தைய காசிமேடு. டைரக்டர் அந்த டேப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

ஆனால் சொல்ல வந்தது சுனாமிக்கு முந்தைய ஜூன். படத்தை விசிடியில் போட்டு ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோயிருந்தோம். கணக்குப்பிள்ளை அறை டிவியில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். வண்டிக்கார அண்ணன் கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. மேஸ்திரிதான், “படம் நல்லாகீது. ஆனா ஐஸு உடையற சத்தம் இது இல்லம்மா” என்றார். சாவு வீட்டில் பாரை உடைக்கும் இடம் அது. அன்று அந்தத் தெருவில் லவுட்ஸ்பீக்கர் போட்டுவிட்டதால் சவுண்டு ஏதோ ஒரு சிடியிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தான். முதலில் மொத்தென்று ஒரு அடி, அப்புறம் பாருக்குள்ளேயே நீளமாக ஒரு விரிசல் ஓடும், அது தனிச் சத்தம், அதற்கப்புறம்தான் பிளக்கும் என்று மேஸ்திரி கையாலேயே செய்து காட்டினார்.

மதிப்பெண் வந்தாகிவிட்டது. பிரிவு விழா முடிந்து, ஒருவன் ஊருக்கே போய்விட்டிருந்தான். புரொடக்‌ஷன் எல்லோருக்கும் போன் போட்டாள். எல்லோரும் வந்தார்கள். தடைக்காலம் முடிந்து படகுகள் போக ஆரம்பித்திருந்ததால், எந்த நேரத்தில் கம்பெனி கொஞ்சம் ஓய்ந்திருக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். மேஸ்திரி உடைத்தார், சவுண்டு மைக்கைப் பிடித்தான், நான் வழக்கம்போல் அளந்தேன். எடிட்டர் வீட்டு கம்ப்யூட்டரில் அன்றிரவே ஒட்டினோம். கல்லூரி நூலகத்தில் இருக்கும் பிரதியில் பழைய சத்தம்தான். எங்கள் கையிலும் ஐஸ் கம்பெனியிலும் இருப்பது திருத்தியது.