எட்டு அங்குலம்

மொறிஸ் மைனருக்கு நான்கு சக்கரங்களிலும் ட்றம் பிறேக்தான். 1962 வரை வந்த வண்டிகளில் முன்சக்கர ட்றம்மின் விட்டம் ஏழு அங்குலம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் எஞ்சினை 948 சீசீயிலிருந்து 1098 சீசீ ஆக்கியபோது, கூடிய வேகத்தை ஈடுசெய்ய, முன்சக்கரங்களுக்கு மட்டும் எட்டு அங்குல ட்றம் போட்டார்கள். என்னுடையது 1959ஆம் ஆண்டு வண்டி. நண்பருடையது 1964. இந்த ஓரங்குலம் எங்களுக்குள் நெடுநாளாய் ஒரு பகிடி. “உம்முடைய கார் நிற்காது, நின்றதாக நீர் நினைத்துக்கொள்ளுவீர்” என்பார்.

யாழ்ப்பாணத்தில் அது பகிடியாக மட்டுமே இருக்க முடிந்தது. பனையைவிட உயரமான எதையும் ஏறி இறங்காத வண்டிகள் இங்கே ஓடுபவை. பிறேக் என்பது ஆட்டுக்கும் மாட்டுக்கும் குறுக்கே வரும் சைக்கிளுக்கும் போடுவது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தபின் அதுவும் குறைந்தது. எஞ்சினைக் கிளப்ப மட்டும் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்று ஊர்ந்த வண்டிகளை நிறுத்துவதா பெரிய காரியம், கிளப்புவதுதான் பெரிய காரியம். பிறேக் எண்ணெயும் கிடைக்கவில்லை. லொக்கீட் கம்பனியின் பழைய எண்ணெய்க்கு ஆமணக்கெண்ணெயும் மதுசாரமுமே அடிப்படை என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் அதையே கலந்து ஊற்றித் தந்தார். தெரியாமல் எஞ்சின் எண்ணெயை ஊற்றியவர்களுக்கு உள்ளே இருந்த றபர்கள் ஊதிப் பிறேக் இறுகிக்கொண்டது.

நண்பர் கவிதை எழுதியவர். அச்சில் வந்தவை சொற்பம். மற்றவர்களுடைய கவிதைகளை வெட்டுவதில் அவருக்கு இருந்த ஆர்வம் தன்னுடையதை எழுதுவதில் இருக்கவில்லை. என் கையெழுத்துப் பிரதிகளில் கடைசி மூன்று நான்கு வரிகளைப் பென்சிலால் சுற்றி, “இதற்கு முதலே நின்றுவிட்டது” என்று ஓரத்தில் எழுதித் தருவார். எனக்குக் கோபம் வரும். ஒரு மாதம் கழித்து அவர் சொன்னபடியே வெட்டுவேன். கார் ஓட்டும்போது விவாதம் சூடேறினால் நடுத்தெருவில் பிறேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்லுவார். பின்னால் வருபவர்கள் திட்டுவதும் அவருக்குக் கேட்பதில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எல்லோருமாய் வெளிக்கிட்டபோது அவர் கார் வீட்டில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது சக்கரங்களும் பற்றறியும் காபரேற்றரும் இல்லை. கல்லடுக்கி அதன்மேல் வண்டியை நேராக ஏற்றி வைத்தவர் அவரே. ரயர் கிடைத்தால் இறக்கலாம் என்றார். அந்த ஆண்டே, குடாநாட்டில் காணாமற்போன சில நூறு பேரில் அவரும் ஒருவரானார். சைக்கிளில் போனவரைச் சாவடி ஒன்றில் மறித்ததைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு எதையும் கண்டவர் எவருமில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்தது. மகள் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாள். காரிலேயே போவது என்று பிடிவாதமாய்ப் போனேன். போனதோடு நிற்காமல், அவள் கேட்டாள் என்று நுவரெலியாவுக்கும் ஏறினோம். ஏறுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. மைனர் மெல்ல ஏறும், ஆனால் ஏறும். ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும் வளைவுகளில்தான் காரில் நால்வர் இருப்பது எனக்குத் தெரிந்தது. முதலில் ஒரு வாசனை, துணி கருகியதுபோல. பிறகு பெடல் கொஞ்சம் கொஞ்சமாய்க் கீழே போகத் தொடங்கியது. மிதித்தால் மிதிபட்டது, வண்டி மட்டும் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் கியருக்கு இழுத்து, கைப்பிறேக்கையும் பிடித்து, மலைப்பக்கத்து வாய்க்காலில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மகள் ஒன்றும் பேசவில்லை. இறங்கி வீதியோரத்துக் கல்லில் இருந்தவள் வெகுநேரம் கைகளைக் கோத்தபடியே இருந்தாள். அந்தக் கைகளை இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் மெக்கானிக் விளக்கினார். உராய்வினால் பிறக்கும் சூடு போக வேண்டிய இரும்பு ட்றம் ஒன்றுதான். அது சிறிதென்றால் விரைவில் சூடேறும்; சூடேறினால் விரிந்து லைனரை விட்டு விலகும்; லைனரும் ஒரு கட்டத்துக்குமேல் பிடிப்பை இழக்கும். பெரிய ட்றம்முக்குப் பரப்பும் கூட, அச்சிலிருந்து தள்ளிப் பிடிப்பதால் அதே மிதிக்கு வலுவும் கூட.

“ஏழு இஞ்சி ஊருக்குக் காணும் மாஸ்ரர். மலைக்குக் காணாது. எட்டு இஞ்சிச் செற்று முழுசா வேணும். போல்ட்டுத் துளை எல்லாம் ஒண்டுதான், அப்பிடியே ஏறும்.”

“பஞ்சிகாவத்தையில கிடைக்குமோ?”

“தேடினாக் கிடைக்கும்” என்றவர் கையைத் துடைத்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார். எட்டு அங்குலச் செற்று ஒன்று எங்கே கல்லின்மேல் நிற்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

கொழும்புக்குப் போயிருக்கலாம். இப்போதும் அப்படித்தான் எண்ணுகிறேன். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய காரின் எந்தத் துண்டையும் எடுக்கலாம். பணம்தான் கூடப் போயிருக்கும். நான் போகவில்லை. மூன்று கிழமை யோசித்துவிட்டு அக்காவிடம் போனேன்.

“அண்ணையின்ர காரின்ர முன் பிறேக்கைக் கேட்டு வந்தனான் அக்கா.”

தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து எதிரே இருந்தார். நான் கேட்டது பிறேக் அல்ல என்பது வாயால் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கார் இனி ஓடாது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றல்லவா கேட்டிருக்கிறேன். ஆறு வருடங்களாக வாரத்துக்கொரு முறை அதற்குத் தூசி தட்டுகிறவரிடம்.

“பிள்ளையோடயே அப்பிடி நடந்தது?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

“உங்கட பழசை என்ன செய்யப் போறியள்?”

“சும்மா கிடக்கும்.”

“அப்ப அதை இதில பூட்டிவிடுங்கோ. பிறேக் இல்லாத காரா விடக்கூடாது, தம்பி.”

ட்றம்மைப் பிடித்திருந்த திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பிறகு சுட்டுத்தான் கழற்ற முடிந்தது. மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் வீல் சிலிண்டர் இரண்டு. அவற்றை இணைக்கச் சிறு குழாய் ஒன்று. நான்கில் இரண்டு உள்ளே அரித்துப் போயிருந்தன. அவற்றையும் எல்லாவற்றுக்குமான றபர்களையும் கடைசியில் பஞ்சிகாவத்தையிலிருந்தே எடுப்பிக்க வேண்டியதாயிற்று. ட்றம்மைக் கடைசற் பட்டறையில் கொடுத்து உட்புறத்தைச் சீவினோம். சப்பாத்துகளுக்குப் புது லைனர் வைத்துத் தறைந்தோம். பழைய லைனர்த் தூளை ஊதித் துடைக்கும் பழக்கத்தை மெக்கானிக் விட்டிருந்தார். அது அஸ்பெஸ்ரஸ், நுரையீரலுக்குக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் நண்பரும் எத்தனை தரம் வாயால் ஊதியிருப்போம்.

பிறகு காற்றெடுப்பது. சக்கரத்தின் பின்னாலுள்ள சிறு திருகாணியில் ஒரு குழாயைக் கொழுவி, அதன் மறுமுனையை எண்ணெய்ப் போத்தலுக்குள் அமிழ்த்தி, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை மிதி, பிடி, விடு. முன்பெல்லாம் நான் மிதிக்க நண்பர் கீழே கிடந்து சத்தம் போடுவார். உருவகம் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் ஏதாவது எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியும். பொருந்தாவிட்டால் ஆள் சாகிற சாமான் இது. அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

என் காரை முடித்தபின் மெக்கானிக் ஏழு அங்குலச் செற்றைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். சும்மா கொழுவிவிட்டுப் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பின்சக்கரச் சிலிண்டர்களையும் கழற்றித் துப்புரவாக்கி, எண்ணெய் ஊற்றி, நான்கு பக்கமும் காற்றெடுத்து, முன் ட்றம்களைக் கையால் சுற்றிப் பார்த்து லைனரின் இடைவெளியைச் சரிபண்ணினார். ரயரில்லாத வண்டி. “பூட்டினாப் பூட்டினதுதானே” என்றார். காசு வாங்கவில்லை.

அடுத்த வருடம் றம்பொடையில் இறங்கினேன். பெடல் கடைசி வரை உயரத்திலேயே நின்றது. மகள் பின்னால் நித்திரை. அதைப் போய் அக்காவிடம் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “இதுக்கும் எண்ணெய் இருக்கோ எண்டு ஒருக்காப் பார்த்துவிடுங்கோ” என்றார்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டரை எஞ்சின் பக்கம் தேடக்கூடாது. சாரதியின் காலடியில், தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் இசிகோனிஸ். பெரிய வடிவமைப்பாளர், ஆனால் எண்ணெய் பார்க்கிறவனை நினைத்ததில்லை. கம்பளத்தை விலக்கித் தகட்டைக் கழற்றினேன். அதன்மேல் அவருடைய பென்சில் ஒன்று கிடந்தது. எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். மூடியைத் திருகி விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் மட்டம் குறைந்திருக்கவில்லை.

“சரியா இருக்கு” என்றேன்.