காட்பாடியில் இறங்குவோர்

ஹௌராவில் ஏறி, ஒரு பகலும் ஓரிரவும் கடந்தும் முடியாத பயணத்தின் பின் காட்பாடியில் இறங்கும் வங்காளிகளுள் வேலூர்க் கோட்டையைக் காண வருவோர் சிலரே. எக்ஸ்ரே உறையும் கையுமாகக் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வருவோரே பெரும்பாலோர். அதனருகே காந்தி ரோட்டிலும் சந்துகளிலும் வங்க எழுத்துப் பலகைகள். விடுதிகளில் வாடகைக்கு அடுப்பும் பாத்திரமும். மாலையில் கடுகெண்ணெய் மணத்துக்கு முன் நம் சாம்பார் தோற்றுத்தான் போகிறது!

ஆண் மருத்துவர் தொடலாகாதென்று மூன்று பெண்கள் ஒரே இரவில் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு மருத்துவம் பயின்ற ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-ல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய தொண்டு இது. 1902-ல் 40 படுக்கை. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 2022-ல் இராணிப்பேட்டையில் புதிய வளாகம். இலாப நோக்கமில்லை, வசதியுள்ளோர் கட்டும் பணம் ஏழையின் சிகிச்சைக்கும் உதவுகிறது. எனினும் கட்டடங்களைவிட நான் வியப்பது, அம்மையார் சாலையோர மரத்தடிகளில் தொடங்கிய வைத்தியத்தையே. இன்றும் மருத்துவ வண்டிகள் சுற்றுக் கிராமங்களுக்குச் செல்கின்றன.

வெளியூராருக்குச் சிகிச்சையினும் பெருந்தொல்லை மொழிதான். நம் அண்டை வீட்டார் வேலூருக்குப் புறப்பட்டால், வலி, தண்ணீர், எவ்வளவு, எந்தப் பக்கம் என்னும் சொற்களையேனும் வங்க எழுத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.