தேய்மானம்

நான் பி.காம். எதையும் வரவு, செலவு எழுதிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படித்தான் ஒரு நோட்டில் ஐஸ்லாந்து டூர் போட்டேன். ஜூனில் போனால் நடுராத்திரியிலும் வெளிச்சம். டிசம்பரில் பகலே நாலைந்து மணி நேரம்தான். அதிர்ஷ்டம் இருந்தால் வானத்தில் பச்சை ஒளி ஆடும். எந்த சீஸன் தேவலாம்?

"ஏண்டா, மேகம் அருவிக்கு எந்த சீஸன்ல போறோம்?" என்றார் அப்பா, பேப்பரை மடித்தபடி.

சுருக்கென்றது. இருப்பது கள்ளக்குறிச்சியில். பக்கத்திலேயே கல்வராயன் மலை. சித்திரையில், "தண்ணி இருக்காதுப்பா" என்பேன். ஆடியில், "கையில காசில்ல." ஐப்பசியில், "பாறை வழுக்கும்." தையில், "பொங்கல் கூட்டம்." 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமே ஆகிவிட்டது சார், எங்கள் டூர் மட்டும் ஆகவில்லை!

போன கார்த்திகையில் ஒருவழியாகக் கிளம்பினோம். கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினோம். மேகம் அருவிக்கு நடக்க வேண்டும். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"வேணாம்டா. இதுவே போதும்."

ரோட்டோரப் பெரியார் அருவியில் நின்றார். சாரலில் நனைந்த கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை.

மேஜை நாற்காலிக்கெல்லாம் தேய்மானம் போடத் தெரிந்தவன், அப்பாவின் முழங்காலுக்குப் போட மறந்துவிட்டேன்.

இறங்கும்போது கேட்டார்: "அந்த ஐஸ்லாந்துல அருவி இருக்காடா?"

"நிறைய இருக்குப்பா."

"ரோட்டோரமாவா?"