அட்டாலிச் சாமான்

கோயம்புத்தூர்
மார்கழிக் கடைசி

அன்புள்ள சரசு,

ஒரு சமாச்சாரம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதே. எங்க எதிர் வீட்டுக்காரம்மா ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனாங்க. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகளைப் பார்த்து அசந்துபோய், ஒரு ஊறுகாய் ஜாடியை மடியில வச்சுத் தூக்கிட்டு வந்திருக்காங்க. மேல பழுப்பு, கீழ வெள்ளை. நம்ம வீடுகள்ல எலுமிச்சங்கா ஊறின அதே ஜாடிதான். விலையைக் கேட்டேன், வாயே திறக்கலை. போன வருஷம் இதே மாதிரி ஜாடியைப் பழைய இரும்பு வண்டியில சும்மா ஏத்திவிட்டதும் இவங்கதானாம். மாடிப்படியில என்னை நிறுத்தி வச்சுச் சொன்னது யாருங்கறே? அவங்க மாமியாரேதான்!

கேட்டதும் எனக்கு ஊரு ஞாபகம் வந்திருச்சு. காப்புக் கட்டுக்கு முன்னாடி வீட்டை ஒழிக்கிறேன்னு சொல்லிப் போய் அட்டாலியில ஏறிட்டேன். வள்ளம், படி, ஓரம் பிஞ்ச முறம், அரிக்கேன் விளக்கு, பித்தளை உருளி, ஊறுகாய் ஜாடின்னு ஒவ்வொண்ணா இறங்குச்சு. 1956-ல மெட்ரிக் சட்டம் வந்தும் எங்க அப்பாரு களத்துல வள்ளத்தை விடலையாம். அதுல நெல்லைக் கோபுரமா நிரப்பி, நடுவுல கதிர்க் கொத்து சொருகி வாசல் பக்கம் வச்சிருக்கேன். ஜாடியில வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. காப்புக் கட்டறதுக்கு வாங்கறதோட ஒரு கைப்பிடி கூடுதலா வாங்கினா போதும். பூளைப்பூ காஞ்சாலும் வெள்ளையாவே நிக்கும்.

முறத்துக்குத்தான் மெனக்கெட்டேன். பழைய பேப்பரை ஊறவச்சு, ஊறின வெந்தயத்தோட சேர்த்து ஆட்டி, ரெண்டு பக்கமும் மெழுகி வெயில்ல காய வைக்கணும். வெந்தயத்தோட கொழகொழப்புத்தான் பசை. ஆத்தா முறத்துச் சந்தை அடைக்கச் செஞ்ச வேலை இதுதானே? அதுமேல காவி பூசி, பச்சரிசி மாவைக் கரைச்சு விரல்லயே கோலம் இழுத்துச் சுவத்துல மாட்டிட்டேன். அரிக்கேன் விளக்குல மண்ணெண்ணெய் இல்லை, பேட்டரி சீரியல் லைட்டுதான். உருளியில செவ்வந்தி மிதக்குது. தண்ணியை மட்டும் தினம் மாத்திடு; தேங்கி நின்னா பத்து நாளைக்குள்ள கொசு பறக்கும்.

எங்க நாத்தனார் கதையைக் கேளு. மாமியாரோட பித்தளைக் குத்துவிளக்குக்குத் தங்கக் கலர் ஸ்ப்ரே அடிச்சிருக்கா! புளி போட்டுத் தேச்சா, அந்தப் புளிப்புக்கே கறுப்பு விட்டுப்போய்ப் பளபளன்னு வந்திருக்கும். இப்ப திரி போட்டுக் கொளுத்தினா பெயின்ட் நாத்தம் குடலைப் பிடுங்குது. மாமியார் ரெண்டு நாளா அவளோட பேசறதில்லை.

பெயின்ட்டை நான் கையிலயே எடுக்கறதில்லை. நெல்லு அளந்ததுல நெல்லு இருக்கணும், வெளிச்சம் கொடுத்தது வெளிச்சம் கொடுக்கணும். அப்பத்தான் அது நம்ம வீட்டுச் சாமான். வேஷம் கட்டினா ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆயிடும்.

உங்க மாமியார் வீட்டுப் புழக்கடையில ஒரு கல்லுத்தொட்டி மண்ணு மூடிக் கிடக்கறதாச் சொன்னியே, அதை யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதே. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நேர்லயே வந்துடறேன். உங்க வீட்டுக்காரர் கேட்டா, உன்னைப் பார்க்கத்தான் வர்றேன்னு சொல்லு!

அன்புடன்,
பாப்பாத்தி