அப்பாவின் ஜீப்பும் ஹீட்டர் விசிறியும்

வாகனத்துக்கு ஏசி வேணும் என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஹீட்டர் என்று சொன்னால் பேராதனையில் கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். "இலங்கையில ஹீட்டரா?" அவர்கள் மேல் பிழையில்லை. ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கும் மேலே. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் எங்க அப்பாவுக்கு வேலை.

அப்பாவிடம் இருப்பது லேண்ட் ரோவர் சீரிஸ் 3. அந்த ரகம் 1971இலிருந்து 1985 வரை செய்யப்பட்டது. எங்கள் இரண்டு பேரையும் விட அந்த ஜீப்புக்கு வயது கூட. காலை நாலரைக்கு ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஆறு மணிக்குக் கேட் திறக்கும்போது போய்ச் சேர வேண்டும். பிந்தினால் உலக முடிவை மேகம் மூடிவிடும். காசு கொடுத்து வந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

போன டிசம்பர் லீவில் முன் சீட்டில் இடம் இருந்ததால், அக்காவும் தம்பியுமாக நாங்களும் ஒரு ஹயருக்கு ஏறிக்கொண்டோம். பின்னால் நாலு பேர். பட்டிப்பொல தாண்டியதும் முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அப்பா வலது கையில் ஸ்டியரிங், இடது கையில் பழைய சாரத் துணி. துடைப்பார், நாலு வினாடி தெரியும், திரும்ப மூடும். ஒரு வளைவில் இடது பக்கச் சில்லு கான் விளிம்பில் இறங்கிவிட்டது. ஜீப் சாய்ந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. பின்னால் இருந்தவர்கள் அதையும் ஒரு சாகசம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "கண்ணு மங்கிருச்சு புள்ள. இந்த சீசனோட ஜீப்ப குடுத்துருவோம்."

நாங்கள் இருட்டில் விழித்துக்கொண்டு கிடந்தோம். அந்த ஜீப்தான் எங்கள் இருவரின் படிப்பு. லயத்தில் ராத்திரி யாருக்காவது வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, முன்னால இருந்த நமக்கும்தானே ரோடு தெரியல."

சரிதான். எங்களுக்கு இருபது வயதுக் கண். எங்களுக்கும் தெரியவில்லை.

அடுத்த நாளே பொனட்டைத் திறந்தோம். எங்களில் ஒருத்தி கலைப்பீடம், வோல்ட்டும் அம்பியரும் ஓ.எல். விஞ்ஞானத்தோடு முடிந்துபோன கதை. மற்றவன் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன். ஆனாலும் விஷயம் கஷ்டமில்லை. ஏழு பேர் விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் துளித்துளியாகப் படிகிறது. கண்ணாடி சூடானால் படியாது. அதற்காகத்தான் ஹீட்டர். என்ஜினைக் குளிர வைத்துச் சூடேறின தண்ணி ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. ஒரு விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ளி, கண்ணாடியின் அடிக்கு அனுப்புகிறது.

எங்கள் ஜீப்பில் சுவிட்சைப் போட்டால் விசிறி முனகும். கண்ணாடிக்குக் கீழே கையை வைத்தால் யாரோ தூங்குகிறவர் மூச்சு விடுவது போல இருக்கும். ஆகவே விசிறிதான் பிரச்சினை, பெரிய விசிறி போட்டால் சரி என்று முடிவெடுத்தோம். தம்பியின் கூட்டாளி ஒருவன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி, ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து கழற்றிய விசிறி மோட்டார் ஒன்றை பஸ்ஸில் அனுப்பினான். பழைய பெட்டிக்குள் அது போகாது. தகரம் வெட்டி, வளையம் செய்து, ஆணி பூட்டி இரண்டு நாளில் மாட்டினோம். பழைய வயரிலேயே இணைத்தோம். சுவிட்சைப் போட்டதும் அது போட்ட சத்தத்தில் அப்பாவே வெளியே வந்து பார்த்தார்.

அந்தச் சந்தோஷம் அம்பேவெல வரைக்கும்தான். டாஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது. அப்பா உடனே ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றினார். சுவிட்ச் உருகிப்போயிருந்தது. எங்களுக்கு ஏசு விழும் என்று பார்த்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, ஹயர் இல்லாத நாளு" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகுதான் வயரிங் பாஸிடம் போனோம். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். பழைய மோட்டார் எடுத்தது 5 அம்பியர். நாங்கள் போட்டது 11. பன்னிரண்டு வோல்ட்டில் கணக்குப் போட்டால் 132 வாட், இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுப்பதற்கும் கொஞ்சம் கூட. அதை அந்தக் காலத்து மெல்லிய வயராலும் சுவிட்சாலும் தாங்க முடியாது. "தம்பி, பெரிய மாட்ட சின்னக் கயித்துல கட்டிட்டீங்க" என்றார். அவர் பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்றை நேராக இழுத்து, தொடக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ் வைத்து, நடுவில் ரிலே போட்டார். இப்போது சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயைத் தட்டிவிடும் சின்ன மின்சாரம் மட்டும். பாரத்தை ரிலே தூக்குகிறது.

அது முடிந்ததும் அவர் கேட்டார்: "காத்து எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

நாங்கள் பார்க்கவில்லை. பெட்டியைக் கழற்றினால், விளிம்பில் இருந்த ஸ்பொன்ஜ் பட்டி தொட்டதும் மாவாக உதிர்ந்தது. பாதிக் காற்று அந்த இடைவெளியாலேயே வெளியே போயிருக்கிறது. குழாய்க்குள் பைன் ஊசிகளால் கட்டிய எலிக்கூடு. சின்ன ரேடியேட்டருக்குள் எதிர்ப்பக்கமாகத் தண்ணி அடித்ததும் பிளேன்டீ நிறத்தில் துரு வந்தது, பத்து நிமிஷம் நிற்காமல் வந்தது. சுடுதண்ணி வால்வு பாதி மூடியபடி இறுகியிருந்தது. விசிறி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, அதுவரை அது குளிர்காற்றைத்தான் அடித்திருக்கிறது, அதையும் என்ஜின் பக்கம்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் அதுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய ஜீப் இருந்தால், புது மோட்டார் வாங்கப் போகும் முன் ஸ்பொன்ஜையும் குழாயையும் வால்வையும் பாருங்கள். சில நூறு ரூபாயும் ஒரு பகல் பொழுதும் போதும். அதற்குப் பிறகும் காற்றுப் போதவில்லை என்றால் மோட்டாரை மாற்றுங்கள், ரிலேயோடு.

லீவு முடிவதற்கு முந்தின வாரம் மூன்று பேருமாக விடியற்காலை ஐந்து மணிக்குப் போனோம். என்ஜின் சூடாகும் வரை பொறுத்தோம். பிறகு கண்ணாடியின் அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே தெளிந்துகொண்டு வந்தது. பட்டிப்பொல வளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சாரத் துணி சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. தம்பி விசில் அடித்தான்.

அப்பா அந்தக் கானுக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினார். இடது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முன்னால் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

"கண்ணாடி நல்லாருக்கு," என்றார். "இடது கண்ணுல இன்னும் பொகையாத்தான் இருக்கு."

இவ்வளவு நாளும் எது கண்ணாடி, எது கண் என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் கண்ணை மட்டும் குற்றம் சொன்னார், நாங்கள் கண்ணாடியை மட்டும் குற்றம் சொன்னோம். அடுத்த வாரம் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். இடது கண்ணில் புரை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

அதுவரை விடியற்காலை ஹயருக்குத் தம்பி ஓட்டுகிறான், அப்பா பக்கத்து சீட்டில். ஜீப்பை விற்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. போன கிழமை போனில் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அப்பா முறைப்பாடு ஒன்றுதான் வைத்தார்: "உங்க விசிறி போடுற சத்தத்துல ரேடியோ கேக்க முடியல."